21 வாரத்தில் ஹீமோகுளோபின் குறைவு, மூச்சு வாங்குதல்: இயல்பு என்றால் மாத்திரை எதற்கு?

கேள்வி: கொடிமுல்லை

அனைவருக்கும் வணக்கம். இது எனக்கு முதல் கர்ப்பம். மருத்துவர் கணக்கின்படி 21 வாரங்கள் முடிந்துள்ளன. பத்தாவது வாரத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்தபோது என் ஹீமோகுளோபின் 12.2 கிராம் இருந்தது. சென்ற வாரம் பார்த்தபோது 10.6 என்று வந்துள்ளது. இடைப்பட்ட காலத்தில் நான் உணவைக் குறைக்கவில்லை. மசக்கை நின்ற பிறகு முன்பைவிட நன்றாகவே சாப்பிடுகிறேன். இருந்தும் எண் இறங்கியிருப்பது என்னைக் கவலைப்படுத்துகிறது. வயிறு இன்னும் பெரிதாக வெளியே தெரியவில்லை, ஆனால் எங்கள் வீட்டு மாடிப்படியின் பாதியிலேயே மூச்சு வாங்குகிறது. இரவில் மூன்று முறை சிறுநீர் கழிக்க எழுந்திருக்கிறேன்.

"பிள்ளை உன் இரத்தத்தைக் குடித்துத்தான் வளர்கிறது, அதனால்தான் இரத்தம் குறைகிறது" என்று என் மாமியார் சொல்கிறார். மருத்துவரோ, "இது இயல்புதான், ஆனால் மாத்திரையை விட்டுவிடாதீர்கள்" என்றார். வெளியே நாற்பது பேர் காத்திருந்ததால் மேற்கொண்டு கேட்க எனக்கு மனம் வரவில்லை. இயல்பு என்றால் மாத்திரை எதற்கு, மாத்திரை தேவை என்றால் அது எப்படி இயல்பாகும் என்பதுதான் என் கேள்வி. மேலும், ஸ்கேன் அறிக்கை ஐந்து மாதம் தாண்டிவிட்டது என்கிறது, மாமியார் இப்போதுதான் நான்கு முடிந்தது என்கிறார். இதில் எது சரி? விவரம் தெரிந்தவர்கள் காரணத்தோடு விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: உயிரியல் ஆசிரியை

அன்புச் சகோதரிக்கு, எளிதானது என்பதால் மாதக் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். கருத்தரித்த நாள் பெரும்பாலும் யாருக்கும் உறுதியாகத் தெரியாது என்பதால், மருத்துவர்கள் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து வாரங்களை எண்ணுகிறார்கள். ஆகவே உங்கள் 21 வாரங்களில் முதல் இரண்டு வாரங்கள் கருவே உருவாகாத காலம். குழந்தையின் வயது ஏறக்குறைய 19 வாரங்கள். உங்கள் மாமியார் நாள் தள்ளிப்போனதிலிருந்து எண்ணுகிறார். அது நான்காம் வாரத்தின் முடிவு என்பதால் அவருக்கு 17 வாரங்கள், அதாவது நான்கு மாதங்கள் வருகின்றன. இருவரும் பிழையாக எண்ணவில்லை, தொடங்கும் இடம்தான் வேறு. மருத்துவர் சொல்லும் 40 வாரங்கள் என்பது 280 நாள்கள். 28 நாள்களை ஒரு மாதமாகக் கொண்டால் அது சரியாகப் பத்து மாதம். 'பத்து மாதம் சுமந்தேன்' என்று நம் தாய்மார்கள் சொல்வதைக் கேட்கும்போதெல்லாம் இந்தக் கணக்குதான் என் நினைவுக்கு வரும்.

இனி இரத்தம். இரத்தம் என்பது சிவப்பணுக்களும், அவை மிதக்கும் பிளாஸ்மா என்ற திரவமும் சேர்ந்தது. பிராணவாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபின் இருப்பது சிவப்பணுக்களுக்குள்தான். கர்ப்ப காலத்தில் இரண்டுமே கூடுகின்றன, ஆனால் ஒரே அளவில் அல்ல. பிளாஸ்மா ஏறத்தாழ 50 விழுக்காடு வரை கூடும்போது சிவப்பணுக்கள் 20 முதல் 30 விழுக்காடு வரைதான் கூடுகின்றன. மோர் கரைக்கும்போது தயிரைக் கொஞ்சம் கூட்டித் தண்ணீரை அதைவிட அதிகமாகக் கூட்டினால், மோரும் கூடுகிறது, அதிலுள்ள மொத்தத் தயிரும் கூடுகிறது. ஆனால் ஒரு டம்ளரில் மொண்டு பார்த்தால் மோர் முன்பைவிட நீர்த்திருக்கும். ஆய்வகம் அளப்பது அந்த ஒரு டம்ளரைத்தான். உங்கள் எண்களையே வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முன்பு உங்கள் உடலில் நான்கு லிட்டர் இரத்தம் இருந்தது என்று கொண்டால், நூறு மில்லிக்கு 12.2 கிராம் வீதம் மொத்த ஹீமோகுளோபின் 488 கிராம். இப்போது இரத்தம் ஐந்து லிட்டர் என்று கொண்டால், 10.6 வீதம் மொத்தம் 530 கிராம். எண் இறங்கியிருக்கிறது, ஆனால் உங்களிடம் உள்ள ஹீமோகுளோபின் உண்மையில் கூடியிருக்கிறது.

இப்படி இரத்தம் நீர்ப்பதில் பயன் உண்டு. கர்ப்பம் இல்லாதபோது கருப்பைக்கு நிமிடத்துக்கு 50 மில்லி அளவில் செல்லும் இரத்தம், நிறைமாதத்தில் 500 மில்லியைத் தாண்டுகிறது. நஞ்சுக்கொடியின் நுண்ணிய இடைவெளிகளில் அவ்வளவு இரத்தமும் தடையின்றிப் புகுந்து வெளிவர வேண்டும். அதற்குக் கெட்டியான இரத்தத்தைவிட நீர்த்த இரத்தம் ஏற்றது. பிரசவத்தின்போது அரை லிட்டர் வரை இரத்தம் வெளியேறினாலும் பெரும்பாலான பெண்கள் தாங்கிக்கொள்வதும் இந்தக் கூடுதல் சேமிப்பால்தான்.

மூச்சு வாங்குவதற்குக் காரணம் வயிறு நுரையீரலை அழுத்துவதுதான் என்று பலரும் நினைக்கிறார்கள். கடைசி மாதங்களில் அதுவும் ஒரு காரணம்தான், ஆனால் உங்களுக்கு இப்போது நடப்பது வேறு. புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் மூளையிலுள்ள சுவாச மையத்தைத் தூண்டுவதால், ஒவ்வொரு மூச்சிலும் நீங்கள் இழுக்கும் காற்று மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடியிருக்கிறது. உடல் அதையே மூச்சு வாங்குவதாக உணர்கிறது. இதனால் உங்கள் இரத்தத்தில் கரியமில வாயுவின் அழுத்தம் 40 மில்லிமீட்டர் பாதரச அளவிலிருந்து 30 அளவுக்கு இறங்குகிறது. குழந்தைக்குத் தானே வெளிவிட வழியில்லாத கரியமில வாயு, மேட்டு வயலிலிருந்து பள்ளத்து வயலுக்கு நீர் பாய்வதுபோல் தொப்புள்கொடி வழியாக நஞ்சுக்கொடிக்கும், அங்கிருந்து உங்கள் இரத்தத்துக்கும் பாய்கிறது. பள்ளம் இல்லாவிட்டால் பாய்ச்சல் இல்லை.

சிறுநீருக்கும் இதே போன்ற விளக்கம்தான். சிறுநீரகங்கள் இரத்தத்தை வடிகட்டும் வேகம் கர்ப்பத்தில் பாதி அளவு கூடுகிறது, ஏனெனில் அவை இப்போது இருவரின் கழிவை அகற்றுகின்றன. புரோஜெஸ்டிரோன் குடலின் தசைகளையும் இரைப்பையின் மேல்வாயையும் தளர்த்துவதால் மலச்சிக்கலும் நெஞ்செரிச்சலும் வருகின்றன. இரத்தக் குழாய்களும் தளர்வதால் இரத்த அழுத்தம் இந்த மாதங்களில் சற்று இறங்கியிருக்கும். சட்டென்று எழுந்தால் தலை சுற்றுவது அதனால்தான்.

என்னை இன்றும் வியக்க வைப்பது இவை நடக்கும் காலம். குழந்தை பெரிதாகித் தேவை கூடிய பிறகு தாயின் உடல் ஈடு கொடுக்க ஓடுவதில்லை. ஆறாம் வாரத்தில், கரு ஓர் அரிசிமணி அளவில் இருக்கும்போதே, தாயின் இதயம் நிமிடத்துக்கு வெளியேற்றும் இரத்தத்தின் அளவு கூடத் தொடங்கிவிடுகிறது. பல மாதங்களுக்குப் பிறகு வரப்போகும் தேவைக்காக உடல் முன்கூட்டியே இடம் ஒதுக்கி வைக்கிறது. முதல் மூன்று மாதங்களில் பெண்களுக்கு வரும் அந்தக் கடுமையான களைப்பை வீட்டிலுள்ளவர்கள் சோம்பல் என்று எண்ணிவிடக் கூடாது.

பதில்: ஓய்வுபெற்ற செவிலியர்

மகளே, ஆசிரியை அம்மா சொன்னவை அனைத்தும் சரி. ஆனால் அதில் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டு மாத்திரையை நிறுத்திய பெண்களை என் பணிக்காலத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆகவே உன் கேள்வியின் மறுபாதிக்கு நான் விடை சொல்கிறேன்.

இரத்தம் நீர்ப்பது இயல்பு. ஆனால் கூடுதலாக உருவாகும் அந்தச் சிவப்பணுக்களுக்கு இரும்புச்சத்து எங்கிருந்து வரும் என்பதைக் கேட்க வேண்டும். ஒரு கர்ப்பத்துக்கு மொத்தமாக ஏறக்குறைய 1000 மில்லிகிராம் இரும்பு தேவைப்படுகிறது. அதில் 500 மில்லிகிராம் தாயின் புதிய சிவப்பணுக்களுக்கும், 300 மில்லிகிராம் குழந்தைக்கும் நஞ்சுக்கொடிக்கும் போகிறது; மீதி அன்றாடம் உடலிலிருந்து வெளியேறுவது. மாதவிடாயில் ஆண்டுக்கணக்காக இரும்பை இழந்து வரும் நம் பெண்களில் பலருக்குக் கர்ப்பம் தொடங்கும்போது கையிருப்பு இவ்வளவு இருப்பதில்லை. இந்தத் தேவையை உணவால் மட்டும் ஈடுகட்டுவது மிகக் கடினம். கீரை நல்லதுதான், ஆனால் கீரையிலுள்ள இரும்பில் சிறு பங்கைத்தான் குடல் ஏற்கிறது.

நம் நாட்டில் கர்ப்பிணிக்கு 11 கிராமுக்குக் கீழ் இருந்தால் இரத்தசோகை என்றும், 10 முதல் 10.9 வரை இலேசானது என்றும் கொள்கிறோம். உலக சுகாதார நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், நீர்ப்பதைக் கணக்கில் கொண்டு இரண்டாம் பருவத்துக்கு, அதாவது கர்ப்பத்தின் நடு மூன்று மாதங்களுக்கு மட்டும் 10.5 என்ற எல்லையை வைத்திருக்கிறது. உன் 10.6 இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அதனால்தான் உன் மருத்துவர் பதறவும் இல்லை, மாத்திரையை விடச் சொல்லவும் இல்லை. இரண்டும் சேர்ந்துதான் சரியான பதில்.

உன் மாமியார் சொன்னதையும் முழுவதும் தள்ளிவிட வேண்டாம். குழந்தை தாயின் இரத்தத்தைக் குடிப்பதில்லை. நஞ்சுக்கொடிக்குள் இரண்டு இரத்தமும் அருகருகே ஓடினாலும், நடுவிலுள்ள மெல்லிய திரை வழியாகச் சத்தும் பிராணவாயுவும் கழிவும்தான் கைமாறுகின்றன. ஆனால் இரும்பைப் பொறுத்தவரை நஞ்சுக்கொடி குழந்தையின் பக்கம்தான் நிற்கும். தாயிடம் குறைவாக இருந்தாலும் அது குழந்தைக்காக இழுத்துக்கொள்ளும், அதிலும் பெரும்பகுதியைக் கடைசி மூன்று மாதங்களில். தாய்ப்பாலில் இரும்பு குறைவு என்பதால், பிறந்த பிறகு ஏறக்குறைய ஆறு மாதங்களுக்கு வேண்டியதைக் குழந்தை வயிற்றில் இருக்கும்போதே சேர்த்துக்கொள்கிறது. நீ இப்போது விழுங்கும் மாத்திரை உனக்கும், அடுத்த ஆண்டு உன் குழந்தைக்கும் சேர்த்துத்தான். தாயின் கையிருப்பு மிகவும் குறைந்துபோனால் குழந்தையின் சேமிப்பும் குறையும்.

அரசு கொடுக்கும் மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. நான்காம் மாதத்திலிருந்து நாள்தோறும் ஒன்றாகக் குறைந்தது 180 நாள்களும், பிரசவத்துக்குப் பிறகு மேலும் 180 நாள்களும் சாப்பிட வேண்டும். பெரும்பாலானோர் தவறுவது சாப்பிடும் முறையில்தான். கால்சியம் மாத்திரையையும் இதையும் ஒன்றாக விழுங்கினால் கால்சியம் இரும்பைத் தடுக்கும். இரண்டுக்கும் நடுவில் குறைந்தது இரண்டு மணி நேரமாவது இருக்கட்டும். மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரத்துக்குக் காபி, தேநீர் வேண்டாம். எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொண்டால் இரும்பு நன்றாக உடலில் சேரும். மலம் கறுப்பாகப் போவது கண்டு பயப்படாதே. வயிற்றைப் புரட்டினால் இரவு உணவுக்குப் பிறகு போட்டுப் பார், நிறுத்தாதே. குடற்புழு மாத்திரை கொடுத்தார்களா என்பதையும் கேட்டுக்கொள். முதல் மூன்று மாதங்களுக்குப் பிறகு ஒருமுறை கொடுப்பது வழக்கம்.

பதில்: இரு பிள்ளைகளின் தாய்

இரத்தத்தைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் என் அனுபவத்திலிருந்து சர்க்கரையைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் உங்களுக்கு அந்தப் பரிசோதனைக்கான காலம் நெருங்குகிறது.

நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் தாயின் உடலில் இன்சுலினின் வேலையை மந்தமாக்குகின்றன. இதுவும் இயல்பான ஏற்பாடுதான்: தாய் சாப்பிட்ட சர்க்கரை அவள் தசைகளுக்குள் உடனே புகுந்துவிடாமல் சற்று நேரம் இரத்தத்திலேயே நின்றால்தான் குழந்தைக்குக் கிடைக்கும். தாயின் கணையம் கூடுதல் இன்சுலின் சுரந்து அதைச் சமன் செய்ய வேண்டும். அதனால் முடியாதபோது வருவதுதான் கர்ப்பகால நீரிழிவு.

என் முதல் கர்ப்பத்தில் பதிவின்போது ஒருமுறை சர்க்கரை பார்த்தார்கள், சரியாக இருந்தது, அதோடு விட்டுவிட்டார்கள். ஏழாம் மாதத்தில் மீண்டும் பார்க்க வேண்டும் என்பது எனக்கும் தெரியாது. என் மகள் 4.1 கிலோ எடையுடன் பிறந்தாள், பிறந்த சில மணி நேரத்தில் அவளுக்குச் சர்க்கரை இறங்கிப் பச்சிளங்குழந்தைப் பிரிவில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். காரணத்தைப் பிறகுதான் புரிந்துகொண்டேன். தாயின் சர்க்கரை நஞ்சுக்கொடியைத் தாண்டும், தாயின் இன்சுலின் தாண்டாது. மிகுதியாக வரும் சர்க்கரைக்கு ஈடாகக் குழந்தையே அதிக இன்சுலின் சுரக்கிறது, அந்த இன்சுலின் அதைக் கொழுக்க வைக்கிறது. தொப்புள்கொடி வெட்டப்பட்டதும் சர்க்கரை வரத்து நின்றுவிடுகிறது, ஆனால் இன்சுலின் உடனே குறைவதில்லை. அந்த இரண்டு நாள்களை நான் இன்றும் மறக்கவில்லை.

ஆகவே 24 முதல் 28 வாரங்களுக்குள் அந்தப் பரிசோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும்போது 140 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் கவனம் தேவை. வெறும் வயிற்றில் வர வேண்டும் என்ற கட்டாயம் இதில் இல்லை. தொலைவிலுள்ள கிராமத்திலிருந்து பேருந்தில் வரும் கர்ப்பிணிகளுக்கு ஏற்ற இந்த எளிய முறை பரவக் காரணமானவர்களில் முதன்மையானவர் சென்னை மருத்துவர் வி. சேஷய்யா, அவரது பிறந்தநாளான மார்ச் 10 இந்தியாவில் கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. இரண்டாம் கர்ப்பத்தில் எனக்கு 152 வந்தது. உணவு முறையையும் நடைப்பயிற்சியையும் கொண்டே கட்டுப்படுத்தினேன், மகன் 3 கிலோவில் நலமாகப் பிறந்தான். இருவருக்காகச் சாப்பிடு என்று வீட்டில் வற்புறுத்துவார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் கர்ப்பிணிக்குப் பரிந்துரைக்கும் கூடுதல் ஆற்றல் நாளொன்றுக்கு 350 கலோரிதான். அது இன்னொரு முழுச் சாப்பாடு அல்ல. இரண்டு இட்லியும் ஒரு முட்டையும் ஒரு டம்ளர் பாலும் அதற்குப் போதும்.

கொடிமுல்லை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நான் காலை காபியோடு இரும்பு மாத்திரையையும் கால்சியத்தையும் ஒன்றாகத்தான் விழுங்கிக்கொண்டிருந்தேன் என்பதை வருத்தத்துடன் ஒப்புக்கொள்கிறேன். இன்னொரு கேள்வி. ஸ்கேனில் குழந்தையை ஒரு நிமிடம்தான் காட்டினார்கள். ஒரு வாரமாக, கண்ணிமை தானாகத் துடிப்பதுபோல் அடிவயிற்றில் ஒரு துடிப்பு வந்து வந்து போகிறது. அது குழந்தைதானா? இப்போது உள்ளே அது என்ன செய்துகொண்டிருக்கிறது?

உயிரியல் ஆசிரியை

குழந்தைதான். எட்டாம் வாரத்திலிருந்தே அது அசைந்துகொண்டிருக்கிறது, உங்களுக்கு உணரும் அளவுக்கு இப்போதுதான் வலுப்பெற்றிருக்கிறது. முதல் கர்ப்பத்தில் 18 முதல் 20 வாரங்களில் உணர்வது வழக்கம். நஞ்சுக்கொடி கருப்பையின் முன்சுவரில் ஒட்டியிருந்தால் இன்னும் சற்றுத் தாமதமாகும். ஸ்கேன் அறிக்கையில் அதைக் குறிப்பிட்டிருப்பார்கள், பாருங்கள்.

இப்போது உங்கள் குழந்தை தலை முதல் குதிகால் வரை ஏறக்குறைய 26 சென்டிமீட்டர் நீளமும் 350 முதல் 400 கிராம் வரை எடையும் இருக்கும். விரல் ரேகைகள் உருவாகிவிட்டன. உடல் முழுவதும் பூனைமுடியும், அதன்மேல் வெண்ணெய் போன்ற ஒரு பூச்சும் படர்ந்திருக்கின்றன. மாதக்கணக்கில் நீரில் கிடக்கும் தோல் ஊறிப்போகாமல் காப்பது அந்தப் பூச்சுதான். குழந்தை பனிக்குட நீரை விழுங்குகிறது, சிறுநீராக வெளியேற்றுகிறது, மீண்டும் அதையே விழுங்குகிறது. கேட்க ஒரு மாதிரியாக இருக்கலாம், ஆனால் இந்த மாதத்தில் பனிக்குட நீரின் பெரும்பகுதி குழந்தையின் சிறுநீர்தான், அதில் கழிவு நச்சு எதுவும் பெரிதாக இல்லை, ஏனெனில் அந்த வேலையை உங்கள் சிறுநீரகங்கள் எடுத்துக்கொண்டன. ஸ்கேனில் பனிக்குட நீரின் அளவைக் கவனமாகப் பார்ப்பது இதனால்தான். நீர் குறைந்தால் குழந்தையின் சிறுநீரகத்தையோ நஞ்சுக்கொடியின் இரத்த ஓட்டத்தையோ பற்றி அது ஒரு செய்தி சொல்கிறது.

நுரையீரலில் காற்று இல்லை, நீர்தான் நிறைந்திருக்கிறது. ஆனாலும் நெஞ்சு அவ்வப்போது மூச்சுவிடுவதுபோல் ஏறி இறங்கிப் பழகிக்கொள்கிறது. இதயத்தின் மேலறைகளுக்கு நடுவிலுள்ள ஒரு துவாரம் வழியாக இரத்தம் நுரையீரலைச் சுற்றாமல் நேராகக் கடந்து செல்கிறது. பிறந்து முதல் மூச்சை இழுத்ததும் அந்தத் துவாரத்தின் கதவு மூடிக்கொள்ளும். நுரையீரலின் நுண்ணறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் வழவழப்பான பொருள் 24-ஆம் வாரத்தையொட்டிச் சுரக்கத் தொடங்கினாலும், போதிய அளவை எட்ட ஏறக்குறைய 35-ஆம் வாரம் ஆகிவிடும். குறைமாதக் குழந்தைகள் மூச்சுக்குத் திணறுவது அது போதாததால்தான்.

குழந்தையின் ஹீமோகுளோபினும் உங்களுடையதிலிருந்து வேறுபட்டது. அது பிராணவாயுவை உங்களுடையதைவிட இறுக்கமாகப் பற்றும். ஆகவே நஞ்சுக்கொடியில் அருகருகே ஓடும்போது உங்கள் இரத்தம் விடுகிறது, குழந்தையின் இரத்தம் வாங்கிக்கொள்கிறது. உங்கள் எண் 10.6 ஆக இருந்தும் குழந்தைக்கு மூச்சு முட்டாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூளையின் மேற்பரப்பு இப்போது ஏறக்குறைய வழவழப்பாக இருக்கிறது. மடிப்புகளில் பெரும்பாலானவை கடைசி மூன்று மாதங்களில்தான் விழுகின்றன. ஒலிக்கு எதிர்வினை காட்டுவது இன்னும் சில வாரங்களில் தொடங்கும். நம் வழக்கப்படி ஏழாம் மாதத்தில் உங்களுக்கு வளைகாப்பு நடக்கும்போது குழந்தைக்குக் காது கேட்கும். வெளியே எழும் ஒலிகள் மங்கலாகத்தான் போய்ச் சேரும், உங்கள் குரல் மட்டும் உடலின் வழியாகவே செல்வதால் மற்றவற்றைவிடத் தெளிவாகக் கேட்கும்.

ஓய்வுபெற்ற செவிலியர்

இன்னும் ஒன்றே ஒன்றைச் சேர்க்கிறேன். இயல்பு என்று இங்கே பேசியவற்றுக்கு ஓர் எல்லை உண்டு. படுத்திருக்கும்போதும் மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, நெஞ்சு படபடத்து மயக்கம் ஆகியவை நீர்த்த இரத்தத்தால் வருபவை அல்ல. 20 வாரத்துக்குப் பிறகு இரத்த அழுத்தம் 140/90 தொட்டாலோ, விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, முகத்திலும் கையிலும் திடீர் வீக்கம் ஆகியவற்றில் ஏதேனும் வந்தாலோ, இரத்தக்கசிவோ நீர்க்கசிவோ இருந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மாலையில் கணுக்கால் மட்டும் சற்று வீங்கிக் காலையில் வடிவது அந்த வகை அல்ல. ஏழாம் மாதத்துக்குப் பிறகு மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படு; பெரிதான கருப்பை, இதயத்துக்கு இரத்தம் திரும்பும் பெரிய குழாயை அழுத்தும். குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்ததாக உனக்குத் தோன்றினாலும் அன்றே போய்க் காட்டு. யாரும் உன்னைத் தொந்தரவு செய்பவளாக நினைக்க மாட்டார்கள்.

பிரசவ அறைக்குப் போகும் முன் ஒன்று கேட்டு வை: குழந்தை பிறந்ததும் தொப்புள்கொடியை உடனே வெட்டாமல் குறைந்தது ஒரு நிமிடமாவது பொறுக்க முடியுமா என்று. அந்த ஒரு நிமிடத்தில் நஞ்சுக்கொடியிலிருந்து குழந்தைக்குப் போகும் இரத்தம் அதன் இரும்புச் சேமிப்பை நன்றாகக் கூட்டும்.

கொடிமுல்லை

தொப்புள்கொடி பற்றிச் சொன்னதைக் குறித்து வைத்துக்கொண்டேன். இன்று முற்பகல் பதினொரு மணிக்கு நெல்லிக்காயுடன் இரும்பு மாத்திரையும், இரவு உணவுக்குப் பிறகு கால்சியமும் எடுத்துக்கொண்டேன். மோர்க் கணக்கை மாமியாரிடம் சொன்னபோது அவர் சிறிது நேரம் யோசித்துவிட்டு, "அப்படியானால் தயிரைக் கூட்டத்தான் மாத்திரை" என்றார். எனக்கு அவ்வளவு சுருக்கமாகச் சொல்ல வந்திருக்காது. என் ஸ்கேன் அறிக்கையில் நஞ்சுக்கொடி முன்சுவரில் என்றுதான் இருக்கிறது. சர்க்கரைப் பரிசோதனைக்கு 25-ஆம் வாரத்தில் வரும்படி எங்கள் பகுதிச் செவிலியர் நாள் குறித்துக் கொடுத்திருக்கிறார். அன்றைக்கே ஹீமோகுளோபினும் மீண்டும் பார்ப்பார்கள். முடிவு வந்ததும் இங்கே தெரிவிக்கிறேன்.